கஞ்சா செடியில் ஆண் பூவும் பெண் பூவும் சேர்ந்து வந்தால்: வீட்டில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் அதை ஒட்டித்தான் வருகிறது. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து வயது வந்த ஒருவர் 3 செடி வைத்துக்கொள்ளலாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் வீட்டில் வளர்ப்பது குற்றம், தண்டனையும் கடுமை, அங்கே இருப்பவர்கள் இதைத் தாவரவியல் பாடமாகப் படித்துவிட்டுப் போகலாம். அனுமதி உள்ள இடத்தில் வளர்ப்பவர்களுக்கும் இந்த 3, 4 என்ற எண்ணிக்கைதான் சிக்கல். பெரிய பண்ணையில் ஒரு செடி கெட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். உங்களிடம் இருப்பதே மூன்றோ நான்கோ, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது, அதில் ஒன்று பூக்கும் நேரத்தில் ஆண் பூவையும் சேர்த்து விட்டால் கை நடுங்கத்தான் செய்யும். அந்த நடுக்கத்தில்தான் புதியவர்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள்: ஒன்றுமில்லாததைப் பார்த்துப் பயந்து நல்ல செடியை வெட்டுவது, இல்லையென்றால் கண்ணெதிரே ஆண் பூ தொங்கும்போதும் "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று விட்டுவைத்து மொத்த அறுவடையையும் விதையாக்கிக்கொள்வது.

செடியின் பால் எப்படி வேலை செய்கிறது

கஞ்சா செடியில் பொதுவாக ஆண் தனி, பெண் தனி. மனிதர்களைப் போலவே பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்ஒய் குரோமோசோம். சாதாரண விதை போட்டால் ஏறக்குறைய பாதி ஆண், பாதி பெண் வரும். காற்றில்தான் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது, தேனீயோ வண்டோ தேவையில்லை. மகரந்தத் துகள் கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவு சிறியது, காற்று இழுத்துக்கொண்டு போனால் கிலோமீட்டர் கணக்கில்கூடப் போகும்.

வளர்ப்பவருக்கு வேண்டியது பெண் செடியின் பூ, அதுவும் மகரந்தம் படாத பூ. மகரந்தம் படாதவரை பெண் செடி புதிய பூக்களையும் பிசினையும் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பட்டுவிட்டால் அதன் கவனம் விதை பக்கம் திரும்பிவிடும், பூ பெருப்பது குறையும், பிசினும் குறையும்.

இருபால் செடி என்பது பெரும்பாலும் பெண் செடிதான். குரோமோசோம் பெண்ணுடையது, ஆனாலும் ஆண் பூவையும் விடுகிறது. வளர்ப்பவர்கள் பேச்சில் இதற்கு ஹெர்மி என்று பெயர். இது நோய் கிடையாது. பக்கத்துச் செடிக்கு ஒட்டவும் ஒட்டாது, மகரந்தம்தான் போகும். பூக்கும் காலம் முடியப்போகிறது, ஆண் துணை வரவில்லை, சூழ்நிலையும் சரியில்லை என்றால் தன்னைத்தானே சூல்கொள்ள வைத்தாவது விதை விட்டுப் போவது செடிக்கு லாபம். நமக்குத்தான் நஷ்டம்.

முதல் படி: எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது

பார்க்க வேண்டிய இடம் கணு, அதாவது முக்கியத் தண்டிலிருந்து கிளையும் இலைக்காம்பும் பிரியும் மூலை. விதையிலிருந்து வளர்ந்த செடியில் பெரும்பாலும் நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் அந்த மூலைகளில் முன்பூ, அதாவது முழுசாகப் பூக்கத் தொடங்கும் முன்பே வரும் முதல் குட்டிப் பூ, எட்டிப் பார்க்கும். மேலிருந்து மூன்று நான்கு கணு கீழே இறங்கித் தேடினால் முதலில் அங்கே கிடைக்கும், நுனியில் தேடினால் எல்லாமே பொடிப்பொடியாக இருந்து குழப்பும்.

வெறுங்கண் போதாது. 10 மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் இருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் போன் கேமராவில் மேக்ரோவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் எடுப்பதில் இன்னொரு வசதியும் உண்டு: சந்தேகமான இடத்தை இன்றைக்கும் இரண்டு நாள் கழித்தும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது இலையாக விரிகிறதா, பந்தாக உருள்கிறதா என்று தானாகத் தெரிந்துவிடும். அப்புறம் ஊதா நிற பூக்கும் விளக்கின் கீழே பார்க்காதீர்கள், மஞ்சளும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். சாதாரண வெள்ளை டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டு நேரத்தில் டார்ச் அடிக்க வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

செடியைப் பூக்க வைக்க விளக்கை 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று மாற்றிய நாளிலிருந்து வாரம் இரண்டு முறை ஒவ்வொரு செடியையும் கீழிருந்து மேல்வரை பாருங்கள். பூக்கத் தொடங்கிய முதல் மூன்று வாரமும் கடைசி மூன்று வாரமும் ஆபத்தான காலம், அப்போது தினமும் பார்ப்பது நல்லது. நடுவில் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இரண்டாம் படி: மூன்று பொருளைப் பிரித்தறிதல்

கணுவில் மூன்று விதமான பொருள்கள் இருக்கும். புதியவர்களின் குழப்பத்தில் முக்கால்வாசி இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது.

முதலாவது இலையடிச் செதில். மெல்லிய, தட்டையான, கூர்முனை உள்ள பச்சை முள் போன்ற ஒன்று, ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் இருக்கும். ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு, இதற்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. முன்பூ இந்தச் செதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் என்பதால் செதிலை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பெண் முன்பூ. அடி அகன்று நுனி ஒடுங்கிய சிறு உறை, அதன் வாயிலிருந்து இரண்டு வெள்ளை முடி வெளியே நீண்டு நிற்கும். அந்த முடிதான் மகரந்தத்தைப் பிடிக்கும் சூல்முடி. முடி கண்ணில் பட்டால் அது பெண், யோசிக்கவே வேண்டாம். ஆனால் முடி இன்னும் வராத உறையைப் பார்த்து ஆண் என்று முடிவு கட்டக் கூடாது, சில ரகங்களில் உறை வந்து பல நாள் கழித்துத்தான் முடி நீளும்.

மூன்றாவது ஆண் பூவின் பை. உருண்டையாக, மூடியபடி, ஒரு குட்டிக் காம்பின் நுனியில் தொங்கும். காம்பு முக்கியம். பெண் உறை கணுவோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், ஆண் பை காம்பில் தள்ளி நிற்கும். தொடக்கத்தில் ஒன்று இரண்டாக இருப்பது சில நாளில் திராட்சைக் கொத்து மாதிரி கூட்டமாகிவிடும். இன்னும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பையின் மேல் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் தெரியும், பழுக்கும்போது அந்தக் கோடுகள் வழியாகத்தான் ஐந்து இதழாகப் பிளந்து விரியும். உள்ளே ஐந்து மகரந்தத்தாள் தொங்கும், தட்டினால் வெளிர் மஞ்சள் பொடி கொட்டும்.

செடி முழுக்கப் பை மட்டும், வெள்ளை முடி எங்குமே இல்லை என்றால் அது இருபால் செடி அல்ல, சாதாரண ஆண் செடி. முடியும் பையும் ஒரே செடியில் இருந்தால்தான் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்கு.

மூன்றாம் படி: எந்த வகை இருபால் என்று பாருங்கள்

இது முக்கியம், ஏனென்றால் செய்ய வேண்டியது வகையைப் பொறுத்து மாறும்.

ஒரு வகையில் கணுக்களில் தனித்தனி ஆண் பைகள் வரும், பெண் பூ பக்கத்திலேயே இருக்கும். சில செடியில் கீழ்க் கிளைகளில் மட்டும் பை, சில செடியில் எல்லாக் கணுவிலும். பூக்கத் தொடங்கிய முதல் வாரங்களிலேயே எல்லாக் கணுவிலும் பை வருகிறது என்றால் பெரும்பாலும் அது பரம்பரைக் குணம், நீங்கள் எதைச் சரிசெய்தாலும் நிற்காது. இந்த வகையில் ஒரே ஆறுதல், பை தோன்றியதிலிருந்து பிளப்பதற்குச் சுமார் இரண்டு மூன்று வாரம் ஆகும், ஒழுங்காகப் பார்த்து வந்தால் பிளப்பதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

இன்னொரு வகைக்கு வளர்ப்பவர்கள் வைத்த பெயர் பனானா. பூவின் நடுவிலிருந்தே, உறைகளுக்கு இடையிலிருந்து, சில மில்லிமீட்டர் நீளத்தில் வளைந்த மஞ்சள் தாள் ஒன்று எட்டிப் பார்க்கும், சில நேரம் ஒரே இடத்தில் இரண்டு மூன்று சேர்ந்து சின்னச் சீப்பாகவே வரும். இது பையில்லாத மகரந்தத்தாள். பை இல்லை என்பதால் பிளக்கக் காத்திருக்கத் தேவையில்லை, வெளியே வந்ததும் மகரந்தம் விட முடியும். அதனால் இதற்கு அவகாசம் கிடையாது, இன்றைக்குப் பார்த்தால் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலும் பூக்கும் காலத்தின் பின்பகுதியில், அதுவும் அறுவடை தள்ளிப்போன செடிகளில் அதிகம் வரும். எலுமிச்சை மஞ்சள் நிறம்தான் அடையாளம். பூவின் உள்ளே வேறு எந்தப் பாகமும் அந்த மஞ்சளில் இருக்காது. சில ரகங்களில் இளம் பச்சையாகவும் வரும், அப்போது வடிவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏமாற்றும் தோற்றங்கள்

வெட்டுவதற்கு முன் இந்தப் பகுதியை ஒரு முறை படித்துவிடுங்கள்.

அறுவடை நெருங்கும்போது பெண் உறைகள் தானாகவே உப்பும். பார்த்தால் பையா விதையா என்று சந்தேகம் வரும். ஒன்றே ஒன்றை ட்வீசரால் எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே காலியாக, ஈரப் பச்சையாக இருந்தால் சாதாரண உப்பல். உள்ளே வெளிர் நிறத்தில் கெட்டியான மணி இருந்தால் விதை உருவாகிறது. வெளிர் பச்சையில் ஐந்து தாள்கள் நெருக்கமாக அடுக்கி இருந்தால் ஆண் பை. இந்த ஒரு சோதனை நூறு புகைப்படத்தை விட மேல், ஒரு உறை போனால் ஒன்றும் நஷ்டமில்லை.

வெள்ளை முடி பழுப்பாவது முதுமையின் அடையாளமும்தான், மகரந்தம் பட்டதன் அடையாளமும்தான். வித்தியாசம் வேகத்திலும் காலத்திலும் இருக்கிறது. பூத்து மூன்றாவது வாரத்திலேயே ஒரு பக்கத்து முடிகள் எல்லாம் ஓரிரு நாளில் சுருங்கிக் கருகி, அடியில் உறை பருக்கத் தொடங்கினால் மகரந்தம் பட்டிருக்கிறது. ஏழாவது எட்டாவது வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பழுப்பாவது இயல்பு. கை அடிக்கடி பட்டாலோ மருந்து தெளித்தாலோகூட முடி கருகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணுவில் புதிதாக முளைக்கும் கிளை நுனி முதல் இரண்டு நாள் உருண்டையாகத்தான் தெரியும். காம்பு இருக்காது. இரண்டு நாள் விட்டால் இலை விரிந்துவிடும்.

நான்காம் படி: உறுதியானதும் உடனே செய்வது

மின்விசிறியை நிறுத்துங்கள். உள்ளே சுழலும் விசிறி, வெளியேற்றும் விசிறி இரண்டையும். செடியைத் தூக்குவதோ கிளையை ஆட்டுவதோ அதற்கு அப்புறம்தான். பலர் பதற்றத்தில் தொட்டியை அப்படியே தூக்கி, செடி வளர்க்கும் துணிக் கூடாரமான டென்ட்டுக்கு வெளியே இழுக்கிறார்கள், திறந்த பை ஒன்று இருந்தாலும் அந்த ஆட்டத்தில் மகரந்தம் எல்லாச் செடிக்கும் பங்கு போய்விடும்.

அடுத்து, ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீரை எடுத்து ஆண் பூ இருக்கும் இடத்தை நனையுங்கள். நனைந்த மகரந்தம் கட்டிப் போய்விடும், பறக்காது, முளைக்கும் திறனும் பெரும்பாலும் போய்விடும். பூ பெருத்த கடைசி வாரங்களில் மொத்தப் பூவையும் தொப்பலாக நனைக்க வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். அந்த இடத்துக்கு மட்டும் போதும்.

பிறகு மற்ற செடிகளைப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் காரணம் ஒரு செடியின் பரம்பரையாக இருக்க வாய்ப்புக் குறைவு, அறையில் ஏதோ சரியில்லை. ஒரே விதைப் பொட்டலத்திலிருந்து வந்த எல்லாச் செடியும் மாறியிருந்தால் மட்டும் விதையையும் சந்தேகப்படலாம்.

ஐந்தாம் படி: வைப்பதா, வெட்டுவதா

இரண்டே கேள்வி. ஆண் பூ எவ்வளவு, எங்கெல்லாம் இருக்கிறது? அறுவடைக்கு இன்னும் எத்தனை வாரம்?

இரண்டாவது கேள்வி ஏன் என்றால், மகரந்தம் பட்ட நாளிலிருந்து விதை முற்றச் சுமார் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அறுவடைக்கு இரண்டே வாரம் இருக்கும்போது பனானா வந்தால் விதை முற்ற நேரமே இல்லை, அதிகம் போனால் மெல்லிய வெள்ளைப் பிஞ்சு விதை சில இருக்கும். அந்த நிலையில் செடியை வெட்டி எறிவது வீண். தெரிவதைப் பறித்துவிட்டு, பூவின் மேல் பொடிப்பொடியாக இருக்கும் பிசின் மணிகளை லென்ஸில் பாருங்கள். பெரும்பாலானவை பால் வெள்ளையாக மாறியிருந்தால் காத்திருக்காமல் அறுவடை செய்துவிடலாம். இன்னும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம், தினமும் பறித்துக்கொண்டே.

பூக்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரம்தான் ஆகிறது, கீழ்க் கிளைகளில் மட்டும் நாலைந்து பை, எதுவும் பிளக்கவில்லை: இது பொறுமை உள்ளவர்களுக்கான நிலை. பைகளைப் பறிக்கலாம், அந்தக் கீழ்க் கிளைகளையே வெட்டிவிடுவது இன்னும் நல்லது, வெளிச்சம் படாத அந்தக் கிளைகளில் எப்படியும் நல்ல பூ வராது. அப்புறம் பத்து நாள் தினமும் பார்க்க வேண்டும். மறுபடி வராவிட்டால் செடி தப்பித்தது. மேல் கணுக்களில் மறுபடி வந்தால் செடியை வெட்டி அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப வாரங்களிலேயே செடி முழுக்கப் பை என்றால் வெட்ட வேண்டியதுதான். நூற்றுக்கணக்கில் வரும், நீங்கள் தொண்ணூற்றொன்பது பறித்தாலும் இலைக்குப் பின்னால் ஒளிந்த ஒன்று போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

தனியாக ஒரே செடி வளர்ப்பவருக்கும் மூன்று செடி ஒரே டென்ட்டில் வளர்ப்பவருக்கும் கணக்கு வேறு. தனிச் செடி என்றால் அது விதை விட்டாலும் கெடுவது அது மட்டும்தான், கடைசிவரை வைத்து விதையோடு அறுவடை செய்தாலும் தப்பில்லை. பக்கத்தில் சுத்தமான செடிகள் இருந்தால் சந்தேகமான ஒன்றுக்காக அவற்றைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு அறைக்கு மாற்ற வசதி இருந்தால் மாற்றுங்கள், காற்று இரண்டு அறைக்கும் பொதுவாக இல்லாதபடி. அந்தச் செடியைத் தொட்ட கையோடும் சட்டையோடும் மற்றதன் பக்கம் போகாதீர்கள், சுத்தமானவற்றை முதலில் பார்த்துவிட்டு இதைக் கடைசியில் பாருங்கள்.

ஆறாம் படி: பறிப்பது, வெட்டுவது

பறிக்க ட்வீசர் போதும். காம்பின் அடியில் பிடித்துக் கிள்ளுங்கள், பையைப் பிடித்து நசுக்காதீர்கள். கீழே ஒரு ஈரத் துணியை விரித்துக்கொண்டால் தவறி விழுவது அதில் ஒட்டிக்கொள்ளும். பறித்ததை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுக்கொண்டே வாருங்கள். பனானாவைப் பறிக்கும்போது இன்னும் நிதானம் வேண்டும், பூவின் ஆழத்தில் வேர்விட்டதுபோல் இருக்கும், பாதி ஒடிந்தால் மீதியைத் தேடி எடுக்க வேண்டும். ட்வீசர் முனையை ஒவ்வொரு முறையும் ஈரத் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள்.

முழுச் செடியையும் எடுக்க வேண்டுமென்றால், விசிறி நின்றிருக்க, செடியை நனைத்து, பெரிய குப்பைப் பையை மேலிருந்து கீழே மெல்ல இறக்கி, அடித்தண்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அப்புறம் பைக்குக் கீழே தண்டை வெட்டினால் செடி பைக்குள்ளேயே வெளியே வந்துவிடும். உயரமான செடி ஒரே பைக்குள் அடங்காது, கிளை கிளையாக இதே முறையில் வெட்டலாம், நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

செடி போனதும் டென்ட்டின் சுவர், தரை, விசிறி இறக்கை எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடையுங்கள். காற்று வடிகட்டி வைத்திருந்தால் அதன் முன் துணியைக் கழற்றித் துவைத்துக் காயவைத்து மாட்டுங்கள். போட்டிருந்த உடையைத் துவைக்கப் போட்டுவிட்டுக் குளியுங்கள். காய்ந்த மகரந்தம் சாதாரண அறையில் சில நாளிலிருந்து ஓரிரு வாரம்வரைகூட உயிரோடு இருக்கும், அதனால் இன்று துடைக்காமல் விட்டது அடுத்த வாரம் வேலை காட்டும்.

ஏழாம் படி: காரணத்தைத் தேடுங்கள்

பலர் இங்கே வரமாட்டார்கள். பறித்தாயிற்று, முடிந்தது என்று விட்டுவிடுவார்கள், பத்து நாளில் மறுபடி வரும்.

முதல் சந்தேகம் எப்போதும் இருட்டின் மேல். பூக்கும் காலத்தில் 12 மணி நேர இருட்டு அறுபடாமல் கிடைக்க வேண்டும். அந்த இருட்டில் வெளிச்சம் கசிந்தால் செடியின் கணக்கு குழம்பிவிடும். சோதிக்க ஒரே வழிதான், இருட்டு நேரத்தில் நீங்களே டென்ட்டுக்குள் தலையை விட்டு ஜிப்பை முடிந்தவரை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், வெளியே அறை விளக்கு எரியட்டும். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகிய பிறகு தையல் ஓட்டை வழியாகப் புள்ளி புள்ளியாக, ஜிப் ஓரமாகக் கோடாக, குழாய் நுழையும் இடத்தில் வளையமாக வெளிச்சம் தெரியும். தெரிந்த இடத்தை எல்லாம் கறுப்பு டேப்பால் ஒட்டுங்கள். டென்ட்டுக்கு உள்ளேயே இருக்கும் சின்ன எதிரிகளை மறந்துவிடாதீர்கள்: பவர் ஸ்ட்ரிப்பின் சிவப்பு விளக்கு, ஈரப்பதமானியின் திரை, ஹீட்டரின் எல்இடி. அவற்றின் மேலும் டேப்தான்.

டைமரையும் ஒரு நாள் நேரில் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் முள் டைமர் நின்ற இடத்திலிருந்து ஓடும், உங்கள் இரவு இரண்டு மணி நேரம் தள்ளிப் போயிருக்கும், உங்களுக்கே தெரியாது. மலிவான டைமர்களில் முள் ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமலே போவதும் உண்டு. வெளியில் வளர்ப்பவர்களுக்குத் தெருவிளக்கும், நடமாட்டத்தைக் கண்டு எரியும் வாசல் விளக்கும் இதே வேலையைச் செய்யும். தானாகப் பூக்கும் ஆட்டோ ரகங்கள் வெளிச்ச நேரத்தை நம்பிப் பூப்பதில்லை, அதனால் இந்தத் தொல்லை அவற்றுக்குக் குறைவு, ஆனால் கீழே சொல்பவற்றிலிருந்து அவையும் தப்பாது.

அடுத்தது வெப்பம். விளக்குக்கு நேர் கீழே, செடியின் நுனி உயரத்தில் தெர்மாமீட்டரை வையுங்கள், சுவரில் அல்ல. அங்கே நாள்கணக்கில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிக்கொண்டிருந்தால் விளக்கை உயர்த்துங்கள் அல்லது குறையுங்கள். விளக்குக்கு மிக அருகில் இருக்கும் நுனிப் பூவில் மட்டும் பனானா வந்து மற்ற இடம் சுத்தமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வேர் பக்கம்: மண் எலும்பாகக் காய்ந்து இலை தொங்கும்வரை விடுவது, அப்புறம் பரிதாபப்பட்டு வெள்ளமாக ஊற்றுவது, இந்த மாறி மாறி அடி செடிக்கு ஆகாது. பூக்கத் தொடங்கிய பிறகு தொட்டி மாற்றுவது, நுனி கிள்ளுவது, கிளையை முறுக்கி வளைப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள், அதெல்லாம் இலை வளரும் பருவத்தில் செய்ய வேண்டிய வேலை. உரத்தில் நைட்ரஜன் மிகுந்தால் இலை கரும்பச்சையாகி நுனி நகம்போல் கீழே வளையும், அப்படிக் கண்டால் சில தடவை வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். பூவின் மேல் பூச்சி மருந்து தெளிப்பதும் கூடாது.

கடைசியாக முதுமை. ஒன்பது வாரத்தில் முடிய வேண்டிய ரகத்தைப் பன்னிரண்டு வாரம் வைத்திருந்தால் பனானா வரத்தான் செய்யும், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் வந்தால் பரம்பரை என்று எடுத்துக்கொள்ளலாம். பரம்பரையும் சூழ்நிலையும் தனித்தனி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், சில ரகம் டைமர் மூன்று நாள் ஓடாவிட்டாலும் அசையாமல் நிற்கும், சில ரகத்துக்கு ஒரு இரவு போதும்.

விதை, கிளை, அடுத்த சுற்று

பெண் விதை என்று விற்பதைப் பற்றி ஒரு பயம் உலவுகிறது, அதுதான் ஹெர்மிக்குக் காரணம் என்று. பெண் விதை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் பயம் தெளியும். செடியில் பெண் தன்மையைத் தூண்டுவது எத்திலீன் என்ற ஹார்மோன். வெள்ளி கலந்த கரைசலைத் தெளித்தால் எத்திலீனின் வேலை தடைபடும், பெண் செடி ஆண் பூ விடும். அதில் வரும் மகரந்தத்தில் ஒய் குரோமோசோம் இல்லாததால் பிறக்கும் விதை கிட்டத்தட்ட எல்லாமே பெண். இங்கே செடி கட்டாயத்தின் பேரில் மாறியது, தானாக மாறவில்லை, அது நல்லது. எளிதில் மாறாத செடியைத் தேர்ந்தெடுத்து இப்படிச் செய்தால் வரும் விதையும் உறுதியாகவே இருக்கும். தானாக மாறிய செடியின் மகரந்தத்தில் செய்த விதைதான் பிரச்சினை, மாறும் குணத்தையும் சேர்த்துக் கொண்டுவரும்.

அதனால்தான் அறுவடையில் தற்செயலாகக் கிடைத்த விதையைப் பத்திரப்படுத்தி அடுத்த முறை போடாதீர்கள் என்கிறேன். பெரும்பாலும் பெண்ணாகத்தான் முளைக்கும், பார்க்க ஆரோக்கியமாகவும் இருக்கும், பூக்கும் நேரத்தில் தாயின் வேலையையே காட்டும். மாறிய செடியிலிருந்து கிளை வெட்டி வேர் பிடிக்க வைப்பதும் அப்படித்தான், கிளை என்பது அதே செடி. காரணம் வெளிச்சக் கசிவுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒரு கிளையைச் சோதித்துப் பார்க்கலாம், அதையும் தனியாக.

விதை விட்ட பூவை என்ன செய்வது என்று கேட்பார்கள். மகரந்தம் பட்டதால் பூ விஷமாகிவிடாது, அளவும் பிசினும் குறைந்திருக்கும், அவ்வளவுதான். காயவைத்த பிறகு உதிர்த்து விதையைப் பிரித்துவிடலாம், சல்லடையில் பிசினைத் தனியாகப் பிரிக்கத் தெரிந்தவர்கள் அப்படியும் செய்வார்கள்.

அடுத்த சுற்றில் செடிக்கு ஒரு எண் எழுதி, எந்த விதை, என்றைக்குப் பூ தொடங்கியது, முதல் ஆண் பூ எந்தக் கணுவில் என்றைக்குத் தெரிந்தது என்று குறித்து வையுங்கள். விளக்குக்குக் கீழே ஒரே மூலையில் இருக்கும் செடி இரண்டு சுற்றிலும் மாறியிருந்தால், விதையை மாற்றுவதற்கு முன் அந்த மூலைக்குள் தலையை விட்டு இன்னொரு முறை வெளிச்சம் தேடுங்கள்.